தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கடலோரப் பறவைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு

தர்மபுரியிலிருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, நாமக்கல்லில் டிபன், தஞ்சாவூரில் பெரிய கோயில், வேதாரண்யத்தில் மதியச் சாப்பாடு என்று போனால், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் போய் நிற்கும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். எதிரே வெயில், கானல், அதற்கப்பால் அரைக் கிலோமீட்டர் தள்ளி நடுங்கும் வெள்ளைப் புள்ளிகள். பிள்ளைகள் பூநாரை (ஃபிளமிங்கோ) எங்கே என்று கேட்பார்கள். அந்தப் புள்ளிகள்தான் பூநாரை. "இந்த வருஷம் பறவையே வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. பறவை வந்திருந்தது. தண்ணீரும் நேரமும் வெளிச்சமும்தான் சேரவில்லை.

இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிட்டுப் புறப்படுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கிளம்பினால் பணமும் இரண்டு நாள் விடுமுறையும் போய்விடும்.

1. முதலில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் ஏரியில்

கடற்கரைக்குப் போய்ப் பைனாகுலர் பிடிக்கப் பழகக் கூடாது. அங்கே ஒரே கூட்டத்தில், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் ஆறேழு வகை கலந்து நிற்கும். எல்லாமே பழுப்பு, எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். கண் பழகாதவருக்கு அது வெறும் மண் நகர்வதுபோலத் தெரியும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பு, போச்சம்பள்ளி அருகே பாரூர் பெரிய ஏரி. ஓசூர்க்காரர்களுக்கு ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை. தர்மபுரிக்காரர்களுக்கு ராமக்காள் ஏரி, நாகாவதி அணை, பஞ்சப்பள்ளி சின்னாறு அணை. இவற்றில் எது வீட்டுக்கு அருகிலோ அது போதும். காலை ஆறேகால் மணிக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஆறு பறவைகள் போதும்: நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, ஆள்காட்டி, மடையான். வெறுங்கண்ணால் ஒன்றைப் பார்த்து, அதன் மேலிருந்து பார்வையை எடுக்காமலேயே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைத் தேடிவிட்டு நிமிர்ந்தால் பறவை கைவிட்டுப் போயிருக்கும். பறக்கும் மடையானைத் தொடர்ந்து பத்து நொடி கண்ணாடிக்குள் வைத்திருக்க முடிகிறதா? முடிந்தால் கடற்கரைக்குத் தயார்.

குளிர்காலத்தில் ஏரிக்கரைக் கல்மேல் தனியாக நின்று, வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் சின்ன உள்ளானை நன்றாகப் பார்த்து வையுங்கள். கடலோரத்தில் மற்ற உள்ளான்களின் அளவை ஒப்பிட இதுதான் உங்கள் அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் காடுகளைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது யானை நடமாடும் காடு. அதில் பெரும்பகுதி 2022-ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அனுமதி இல்லாமல் காலை வைத்தால் வழக்கு.

2. பைனாகுலர் வாங்குவது, கண்ணுக்குப் பொருத்துவது

கேட்க வேண்டியது 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். நல்ல கம்பெனியின் தொடக்கநிலைக் கருவி ஏழாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 10×50 வாங்கினால் இன்னும் நெருக்கமாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் கடற்காற்றில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், கழுத்தும் வலிக்கும்.

ஆயிரம் ரூபாய்க்குள் 30×60 என்று எழுதி விற்கும் மடக்குப் பைனாகுலரை வாங்காதீர்கள். அந்த எண்கள் இரண்டும் பொய். முன்கண்ணாடியின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள்; இருபது மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். சிவப்பாக மின்னும் கண்ணாடிப் பூச்சு இருந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். அது நிறத்தையே மாற்றிக் காட்டும். பறவையின் கால் சிவப்பா மஞ்சளா என்று பார்க்க வேண்டிய இடத்தில் அந்தக் கருவி எதற்கு?

வாங்கிய பிறகு பலர் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு. பைனாகுலரை உங்கள் இரு கண்களுக்கும் பொருத்த வேண்டும். ஐம்பது அடி தள்ளி இருக்கும் கடைப் பெயர்ப்பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கியோ விரித்தோ ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும் வரை கொண்டுவாருங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது குழலின் கண் பக்கத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும்தான் உங்கள் வேலை. இதைச் செய்யாதவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வரும், கருவியே மோசம் என்று நினைத்துவிடுவார்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கியும், போடாதவர்கள் மேலே ஏற்றியும் பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டையை மார்பு உயரத்துக்குச் சுருக்குங்கள். வயிற்றில் இடிக்கும் நீளத்தில் தொங்கினால் ஒவ்வொரு முறை குனியும்போதும் கல்லிலோ பாலத்துச் சுவரிலோ மோதும்.

கடலோரச் சதுப்பில் 300 மீட்டருக்கு அப்பால் நிற்கும் உள்ளான்களுக்கு உண்மையில் முக்காலியில் வைக்கும் ஸ்கோப்தான் வேண்டும். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை காட்டும் வகை. அதன் விலை அதிகம். முதல் பயணத்துக்கு வாங்கத் தேவையில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது ஒருவரிடம் இருந்தால் போதும்.

3. எந்த இடம்

முதல் பயணத்துக்கு கழுவெளி என்று சொல்வேன். மரக்காணத்தை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே நெடுஞ்சாலை. திண்டிவனத்தில் கிழக்கே திரும்பினால் மரக்காணம். மொத்தம் 210 கிலோமீட்டர் சுற்றி, நான்கரை மணி நேரம். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம் என்பதால் வாத்து, நாரை, உள்ளான், ஆலா எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பக்கத்திலேயே மரக்காணம் உப்பளங்கள்.

கோடியக்கரை பெரிய பயணம். நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர். 1967-ல் சரணாலயமானது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமானது. பூநாரைக் கூட்டம், கணக்கில்லாத உள்ளான்கள், புல்வெளியில் வெளிமான், காட்டுக்குள் குரங்கு. வண்டியில் சாப்பாட்டை வைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் சாப்பாடு உங்களுக்கில்லை. குறைந்தது இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். ஓர் இரவில் முடிக்கப் பார்த்தால் ஓட்டுநரின் தூக்கம்தான் கெடும்.

பழவேற்காடு மூன்றாவது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ரயிலில் போவதென்றால் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டை போக வேண்டும். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு மொரப்பூர் வசதி. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். இந்த உப்பங்கழியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே போவதால் பூநாரையை ரோட்டோரத்திலிருந்தே பார்க்கலாம். சாலை முடிவது விண்வெளி மையத்தின் வாசலில். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

பழவேற்காட்டில் படகு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது மெதுவாக வந்து ஐந்நூறு ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேடந்தாங்கலைக் கடலோரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது உள்நாட்டு ஏரி. மரத்தில் கூடு கட்டும் நாரைகளுக்கும் கரண்டிவாயன்களுக்கும் அருமையான இடம். பூநாரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கழுவெளியிலிருந்து திரும்பும்போது நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம்.

4. தேதியைக் குறிப்பது

இதில்தான் பயணம் நிற்பதும் விழுவதும்.

வலசைப் பறவைகள் செப்டம்பர் கடைசியிலிருந்தே வரத் தொடங்கிவிடும். அக்டோபரில் கோடியக்கரைக் காட்டில் ஆறுமணிக்குருவி கடந்து போவதைப் பார்க்கலாம். ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு அக்டோபரும் நவம்பரும் ஆகாது. வடகிழக்குப் பருவமழை, புயல். கஜா புயல் கரையைக் கடந்ததும் 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யத்தை ஒட்டித்தான். மழை இல்லாவிட்டாலும் அந்த மாதங்களில் தண்ணீர் ஆழமாக இருக்கும்.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு பறவையும் தன் கால் நீளத்துக்கு ஏற்ற தண்ணீரில்தான் இரை தேடும். கொசு உள்ளானின் எடையே இருபது முப்பது கிராம்தான். கால் நம் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. சேற்றின்மேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றால் போதும். அதற்கு மேல் ஏறினால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். பூநாரைக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே நல்ல மழை பெய்த வருடத்தில் டிசம்பர் மாதம் வாத்துகளும் நாரைகளும் நிறையத் தெரியும், சின்ன உள்ளான்கள் குறைவாக இருக்கும். ஜனவரி நடுவில் தண்ணீர் வடிந்து, ஓரமெல்லாம் சேறு தெரியத் தொடங்கும்போது உள்ளான்கள் வந்து இறங்கும். ஜனவரி 20 முதல் பிப்ரவரி கடைசி வரை உள்ள வார இறுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழை பொய்த்த வருடமானால் டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கே பயணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

அடுத்தது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். கடற்கரையோர மீனவர்கள் வாயில் "ஏத்தம், வத்தம்". ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தமிழ்நாட்டுக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான். இவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். நிலம் தட்டையாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே முகத்துவாரத்தில் ஏக்கர் கணக்கில் சேறு திறந்துவிடும். வற்றத்தில் பறவைகள் அந்தச் சேறு முழுக்கப் பரவி, தொலைவில் நின்று மேயும். ஏற்றம் வரவர, தண்ணீர் அவற்றைத் தள்ளிக்கொண்டே வந்து நம் பக்கத்துக் கரையில் நெருக்கமாக நிறுத்தும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் காலை ஏழு மணியைச் சுற்றி விழும் நாளைக் கண்டுபிடித்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்னும் மத்திய அரசின் கடல்சார் தகவல் மையமும், கைப்பேசியில் உள்ள பல செயலிகளும் நேரத்தைத் தருகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் கூடுதல். காலண்டரில் அந்த இரண்டையும் வட்டமிட்டுவிட்டுப் பக்கத்து சனி ஞாயிறைப் பாருங்கள்.

இது முகத்துவாரத்துக்கும் திறந்த கடற்கரைக்கும்தான். கழுவெளியின் உட்பகுதியிலும் உப்பளத்திலும் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே மழையும் காற்றும் மதகும்தான் தண்ணீரைத் தீர்மானிக்கும்.

காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரைக்கும் போகாதீர்கள். நிற்க இடம் இருக்காது. அந்த விடுமுறையை உள்ளூர் ஏரியில் கழிக்கலாம். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியின் பட்டியலும் சேரும்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள். தண்ணீர் இப்போது எவ்வளவு நிற்கிறது? உள்பாதையில் வண்டி போகுமா, சேறா? கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்? "பறவை இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

5. அனுமதியும் ஆவணங்களும்

பொதுச் சாலையிலும் பார்வையாளர் பகுதியிலும் நின்று பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு போதும். ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்குத் தனித்தனிச் சீட்டு போடுவார்கள். மூன்றையும் கேட்டு வாங்கி, திரும்பும்வரை சட்டைப்பையில் வைத்திருங்கள். கேமராச் சீட்டு இல்லாமல் பெரிய லென்ஸோடு உள்ளே மாட்டினால் பேச்சுக்கு இடமிருக்காது. சில்லறையாக ஐந்நூறு ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். வனத்துறைச் சாவடியில் சிக்னல் இல்லாமல் கைப்பேசிப் பணம் போகாத நேரம் உண்டு.

சதுப்பின் உட்பகுதிக்குப் போக வேண்டுமானால் எழுத்துமூல அனுமதி வேண்டும். கோடியக்கரைக்கு நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளருக்கும், கழுவெளிக்கு விழுப்புரம் மாவட்ட வன அலுவலருக்கும் எழுத வேண்டும். மூன்று வாரம் முன்னதாக அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

"ஐயா, நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் ஆறு பேர். பிப்ரவரி 7, 8 தேதிகளில் காலை 6 மணி முதல் 10 மணி வரை சரணாலயத்தின் இன்ன பகுதியில் பறவைகளைப் பார்த்துப் பட்டியலிட அனுமதி வேண்டுகிறோம். ட்ரோன் எடுத்து வரமாட்டோம். ஒலிப்பதிவு போட்டுப் பறவைகளை அழைக்கமாட்டோம். வன ஊழியர் ஒருவரின் துணையோடு செல்லச் சம்மதம். பெயர், வயது, ஆதார் நகல், வாகன எண் இணைத்துள்ளோம்."

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட். பத்து நாளில் பதில் வராவிட்டால் அந்த முத்திரைத் தேதியைச் சொல்லிக் கேட்கலாம். "இன்ன பகுதி" என்று இடத்தைக் குறிப்பிடாத கடிதம்தான் பெரும்பாலும் மேசையில் தூங்குகிறது. பள்ளிக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் தலைமையாசிரியர் கடிதம், பெற்றோர் ஒப்புதல், இருபது குழந்தைக்கு இரண்டு ஆசிரியர் என்ற விவரத்தையும் சேர்க்க வேண்டும்.

உப்பளம் வேறு கதை. அது தனியார் குத்தகை நிலமாகவோ கம்பெனி நிலமாகவோ இருக்கும். வனத்துறை அனுமதி அங்கே செல்லாது. கேட்டில் இருப்பவரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டு, வரப்பின்மேல் மட்டும் நடங்கள். பாத்திக்குள் ஒரு கால் வைத்தால் அவர்கள் பல நாள் மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை உடைந்துபோகும்.

6. வண்டியும் செலவும்

சொந்தக் காரில் நான்கு பேர் கழுவெளி போய்வர, உள்ளூர் சுற்றலையும் சேர்த்து 480 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் 32 லிட்டர். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. திண்டிவனத்தில் இருவர் தங்கும் அறை ஆயிரத்து இருநூறு முதல் இரண்டாயிரம் வரை. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு முந்நூறு. ஃபாஸ்டேக்கில் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடும். கோடியக்கரைக்கு எரிபொருள் மட்டும் நான்காயிரத்து அறுநூறைத் தாண்டும், தங்கல் இரண்டு இரவு. அதனால் ஆளுக்கு நாலாயிரத்துக்கு மேல் கையில் வையுங்கள்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள். புறப்படும் முன்பே வழியை ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், திண்டிவனத்திலிருந்து நேரே மரக்காணம் போனால் தமிழ்நாட்டைத் தாண்டுவதில்லை. புதுச்சேரியைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாம் என்று நடுவழியில் ஆசைப்பட்டால் அது யூனியன் பிரதேச எல்லை. அந்த வண்டிக்குப் பர்மிட்டும் வரியும் வேண்டும். சூளூர்பேட்டைக்கும் இதே கதைதான். ஓட்டுநருக்குத் தூங்க இடம் கொடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே அவரும் எழுந்திருக்க வேண்டும்.

கால அட்டவணை இப்படி இருக்கட்டும்: சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் புறப்பாடு, நான்கு மணிக்குள் கழுவெளி, இருட்டும்வரை பார்த்துவிட்டுத் திண்டிவனத்தில் தங்கல். ஞாயிறு விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறேகாலுக்கு முன் கரையில். ஜனவரியில் சூரியன் உதிப்பது ஆறரைக்கு. ஒன்பதரைக்கு முடித்துக்கொண்டு டிபன் சாப்பிட்டுப் புறப்பட்டால் நான்கு மணிக்கு வீடு. இரவு முழுக்க ஓட்டி விடியலில் போய் இறங்குவது வேண்டவே வேண்டாம்; செங்கம் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதற்குப் பலன் கரையில் கண் சொருகுவதுதான்.

7. பையில் வைப்பவை

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கரையில் நிழல் என்பதே கிடையாது, கடற்காற்றில் வியர்ப்பது தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. புளிசோறு நல்லது, மதியம்வரை கெடாது. பட்டை வைத்த செருப்பு அல்லது பழைய ஷூ. ரப்பர் செருப்பைச் சேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொப்பி, முழுக்கைச் சட்டை. வெள்ளையும் சிவப்பும் தவிர்த்து மண் நிறம், பச்சை. கழிப்பறை கரையில் இல்லை. பெண்களும் குழந்தைகளும் இருந்தால் கடைசிப் பெட்ரோல் பங்கில் கட்டாயம் நிறுத்துங்கள்.

8. கரையில் நிற்கும்போது

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே; பறவை எல்லாம் கறுப்பு நிழல். அதனால் காலையில் உப்பங்கழியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் முழுசாகத் தெரியும். கழுவெளி கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே இருப்பதால் காலையில் சாலைப் பக்கத்துக் கரையே சரி. மாலையில் அப்படியே எதிர்க்கரை. ஒன்பதரைக்கு மேல் சேற்றின் மீது கானல் எழும். அப்போது ஸ்கோப்பை அறுபது மடங்குக்கு ஏற்றினால் கொதிக்கும் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல இருக்கும். இருபத்தைந்துக்கு இறக்குங்கள், அல்லது மூடி வைத்துவிடுங்கள்.

நிறத்தை வைத்துப் பெயர் தேடாதீர்கள். குளிர்காலத்தில் உள்ளான்கள் எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான். முதலில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக்கொண்டே போனால் கொசு உள்ளான். நான்கடி ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்திவிட்டு மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அலகை இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல ஆட்டினால் கரண்டிவாயன். தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சலித்தால் பூநாரை. பறக்கும் நிலையிலேயே குனிந்து பார்த்துத் தண்ணீரில் விழுவதோ மேற்பரப்பைக் கொத்துவதோ ஆலா; கொஞ்சம் தடித்த உடம்போடு சோம்பலாகச் சுற்றி வருவது கடற்காகம். அதற்குப் பிறகு கால் நிறம், பிறகு அலகின் நீளம் தலையைப் போல ஒரு மடங்கா இரண்டு மடங்கா, கடைசியில்தான் புத்தகம். சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான் என்று எழுதிவிடுகிறார்கள். பவளக்காலிக்கும் கால் சிவப்புத்தான். முன்னது கறுப்பு வெள்ளை உடம்பும் குச்சிபோல மிக நீண்ட காலும் கொண்டது, பின்னது பழுப்பு.

கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள். பறவைகள் மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் தூக்கினால், நீங்கள் வந்த தூரம் அதிகம் என்று அர்த்தம். இரண்டடி பின்வாங்கி உட்காருங்கள். பறக்கும் படத்துக்காகக் கை தட்டுவதும் கல் எறிவதும் அருவருப்பான பழக்கம். சைபீரியப் பக்கம் வரை திரும்பிப் பறக்க வேண்டிய உயிர் அது. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் சேர்த்து வைத்த கொழுப்புதான் கரைகிறது. மார்ச்சுக்குப் பிறகு போகிறவர்கள் உப்பள வரப்பிலும் வறண்ட தரையிலும் பார்த்து மிதிக்க வேண்டும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறுந்தரையில் முட்டை வைக்கும். முட்டையும் கூழாங்கல்லும் ஒரே மாதிரி. அந்தத் தரையில் கார் ஓட்டவே கூடாது.

சேறு விஷயத்தில் ஒரு கணக்கு: ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், கணுக்காலுக்கு மேல் இறங்கினால் அடுத்த அடி வைக்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்த தோல் இருக்கும், கீழே கூழாக இருக்கும். மாட்டிக்கொண்டவர் இழுக்க இழுக்க இன்னும் இறங்குவார். உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, ஒவ்வொரு காலாக மெதுவாக எடுக்க வேண்டும். தனியாக யாரும் சேற்றுப் பக்கம் போகக் கூடாது.

9. பட்டியல் எழுதுவதும் திரும்பி வருவதும்

பார்த்த பறவைகளைப் பதிவிடும் இ-பேர்ட் செயலியில் கரைக்குப் போனதும் பட்டியலைத் தொடங்குங்கள். வீட்டில் வந்து நினைவிலிருந்து எழுதினால் எண்ணிக்கை இரு மடங்காகிவிடும். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியின் தென்னிந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள், சதுப்பில் சிக்னல் கிடைக்காது. பெரிய கூட்டத்தை எண்ணப் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தைப் பிரித்து எண்ணுங்கள். அடையாளம் தெரியாத உள்ளானை "உள்ளான் வகை" என்றே போடுங்கள். தப்பான பெயரைவிட அது மேல்.

அறைக்கு வந்ததும் பைனாகுலரைத் துணியால் தேய்க்காதீர்கள். கடற்காற்றில் ஒட்டிய உப்புத்துகளும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் குமிழால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, சுத்தமான தண்ணீர் தொட்டுப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் வெளிக்கூட்டையும், உலர்ந்த வேறொரு துணியால் கண்ணாடியையும் துடையுங்கள். முக்காலியின் மூன்று கால்களையும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீசனில் திருகு நகராது. காரின் அடிப்பகுதிக்கும் ஊர் வந்த மறுநாளே ஒரு வாட்டர் சர்வீஸ் கொடுத்துவிடுங்கள்.